ரீஃப் டேங்க் டோசிங்: உப்பு வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரீஃப் டேங்க் என்பது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. பவளம் வளர வளர தொட்டி நீரில் கால்சியமும் ஆல்கலினிட்டியும் (அமிலத்தை ஈடுகட்டும் திறன்) குறையும். அதை ஈடுகட்டுவதுதான் டோசிங். அதற்கான ரசாயன உப்பை வாங்கித் தாங்களே கரைப்பவர்கள் முதலில் சறுக்குவது லேபிளில்தான்.

'தூய்மை 99%' என்று போட்டிருந்தால், மீதி 1% என்ன என்று பாருங்கள். சாதாரண உப்பு என்றால் கவலையில்லை. செம்பு, காரீயம் என்றால் சிறு துளியும் சேர்ந்துகொண்டே போகும். 100 லிட்டர் தொட்டி நாளுக்கு 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) கால்சியம் எடுத்தால், டைஹைட்ரேட் (நீர் சேர்ந்த) கால்சியம் குளோரைடு தினமும் 7.3 கிராம், வருடத்துக்கு சுமார் 2.7 கிலோ உள்ளே போகிறது. அதில் வெறும் 0.001% செம்பு இருந்தாலும் லிட்டருக்கு 0.27 மில்லிகிராம் கணக்கு. நீர் மாற்றும்போது கொஞ்சம் வெளியேறும், கல்லும் மணலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ஆனால் மீன் ஒட்டுண்ணிக்குப் போடும் செம்பு மருந்தே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பக்கம்தான்; அதை இறாலும் பவளமும் தாங்காது. அதனால் உணவுத் தரம் அல்லது ஐ.பி. (இந்திய மருந்துத் தர நூல்) என்று குறித்த மருந்துத் தரம் வாங்குங்கள். ஆய்வகத் தர பாட்டிலில் அசுத்த வரம்புகள் அச்சிட்டிருக்க வேண்டும். 'டெக்னிக்கல்' (தொழிற்சாலை) தரம் வேண்டவே வேண்டாம்.

பாலக்கோடு, ராயக்கோட்டை உரக்கடைகளில் தக்காளிக்கு விற்கும் கால்சியம் நைட்ரேட்டை விலை பார்த்து வாங்கிவிடாதீர்கள். கால்சியம் 10 பிபிஎம் ஏறினால் கூடவே நைட்ரேட் 30 பிபிஎம்முக்கு மேல் ஏறும். உரத்துக்கான மெக்னீசியம் சல்பேட்டும் தொட்டிக்கானதல்ல.

ஆல்கலினிட்டிக்கு ஆப்ப சோடா போதும்: 100 லிட்டருக்கு 3 கிராம், 1 டிகேஎச் (ஆல்கலினிட்டியின் அளவீடு) ஏறும். ஒரே நாளில் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். பேக்கிங் பவுடரில் அமிலமும் மாவும் கலந்திருக்கும், அது வேறு பொருள்.

கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டா, நீரற்றதா என்று பார்க்காமல் அளப்பது இன்னொரு தவறு. 100 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற முதலாவது 3.7 கிராம், இரண்டாவது 2.8 கிராம். மழைக்காலத்தில் டப்பா திறந்திருந்தால் ஈரம் இழுத்துக் கசியும். எடை கூடும், வீரியம் குறையும்.

வெற்றிலைச் சுண்ணாம்பையும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பையும் கால்க்வாசருக்கு (கால்சியமும் ஆல்கலினிட்டியும் ஏற்றும் தெளிந்த சுண்ணாம்பு நீர்) எடுக்காதீர்கள். நல்ல கால்சியம் ஹைட்ராக்சைடே லிட்டருக்கு சுமார் 1.5 கிராம்தான் கரையும். அடியில் தங்கும் வண்டலில் உலோகங்களும் படியும் என்பதால் அதைக் கலக்காமல், பம்ப் குழாயை அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே வைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள்.

உப்பு சுத்தமாக இருந்தும் தண்ணீர் கெடுத்துவிடும். இங்கே, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம், போர்வெல் நீர் கடினமானது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே நிலத்தடி நீரின் ஃபுளோரைடால்தான். சமையலறை ஆர்ஓ போதாது: அதன் டிடிஎஸ் (நீரில் கரைந்த பொருட்களின் அளவு) அட்ஜஸ்டர் சுத்தமாகாத நீரைக் கலக்கிறது, சில மாடல்களின் காப்பர் கார்ட்ரிட்ஜ் செம்பையே சேர்க்கிறது. மிச்சமிருக்கும் அயனிகளையும் நீக்கும் டிஐ ரெசின் சேர்த்த தனி ஆர்ஓ வேண்டும். மீட்டரில் டிடிஎஸ் 0 காட்ட வேண்டும்.

புதுப் பாக்கெட் பிரித்ததும் அந்த நீர் ஒரு லிட்டரில் ஒரு கிராம் கரைத்து அம்மோனியா, பாஸ்பேட் டெஸ்ட் கிட் போடுங்கள். மெக்னீசியம் குளோரைடில் அம்மோனியா வருவதுண்டு. செம்பை மட்டும் இந்தச் சோதனையில் பிடிக்க முடியாது. இவ்வளவு குறைந்த அளவை வீட்டு கிட் காட்டாது.