9 மி.மீ. போட்டித் தோட்டாவுக்கு வெடிமருந்து தேர்ந்தெடுப்பது எப்படி

அமெரிக்காவில் யுஎஸ்பிஎஸ்ஏ என்ற துப்பாக்கிச் சுடுதல் சங்கத்தின் விதிகளின்படி நடக்கும் கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குத் தாமே தோட்டா கெட்டிக்கத் தொடங்குபவர்கள், எந்த மருந்து சிறந்தது என்று விசாரிப்பதற்கு முன்பு, தாம் எந்தப் பிரிவில் சுடப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். மருந்தைத் தீர்மானிப்பது அந்தப் பிரிவுதான்.

குண்டின் எடையைக் கிரெய்னிலும் (ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன்) வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, 1,000ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர் கிடைக்கும். மதிப்பெண் கணக்கிடுவதில் இரண்டு நிலைகள் உண்டு: கீழ்நிலையான மைனருக்கு 125, மேல்நிலையான மேஜருக்கு 165 வேண்டும். புரொடக்‌ஷன் பிரிவில் எல்லோருக்கும் மைனர் மதிப்பெண்தான் என்பதால், அதற்கு மேல் ஏற்றும் வேகமெல்லாம் கையில் உதையாக மட்டுமே வந்து சேரும். அதற்காக 125ஐ ஒட்டியே நிற்பதும் தவறு. வேகமானி வைத்துச் சோதிக்கும்போது அதற்குக் கீழே இறங்கினால் அன்றைய மதிப்பெண் முழுவதும் போய்விடும். 124 கிரெய்ன் குண்டு 1,050 அடி வேகத்தில் 130.2 தருகிறது, 147 கிரெய்ன் குண்டுக்கு 890 அடியே போதும், 130.8 வந்துவிடும். இந்த அளவு இடைவெளி இருந்தால் குளிர்ந்த காலையிலும் கவலையில்லை.

இந்த வேகத்துக்கு விரைவாக எரியும் மருந்துகளே பொருந்தும். குறைந்த அளவே தேவைப்படுவதால் குழல்வாயில் வெளியேறும் வாயு குறைகிறது, உதையும் தணிகிறது. டைட்குரூப், வின்செஸ்டர் 231, பின்லாந்தின் விட்டவோரி என்320 ஆகியவை இவ்வகையில் பலரும் பயன்படுத்துபவை. (231ம் ஹாட்ஜ்டன் எச்பி-38ம் ஒரே மருந்துதான், கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்கலாம்.) காம்பன்சேட்டர் (குழல்முனையில் வாயுவை மேல்நோக்கி வெளியேற்றும் கருவி) பொருத்திய ஓப்பன் பிரிவுத் துப்பாக்கிக்குக் கணக்கு தலைகீழ். அங்கே குழல்முனையைக் கீழே அழுத்தி வைப்பது வாயுதான் என்பதால், மெதுவாக எரியும் ஆட்டோகாம்ப், எச்எஸ்-6 போன்றவற்றை நாடுகிறார்கள்.

பலர் கவனிக்கத் தவறுவது மருந்தின் கன அளவு. டைட்குரூப் அடர்த்தியானது, தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடியில் சிறிதளவாகக் கிடக்கும். கைப்பிழையால் இரண்டு முறை விழுந்தாலும் 9 மி.மீ. கூடு வழியாது, குண்டும் வழக்கம்போல் உட்கார்ந்துவிடும். அந்தத் தோட்டா துப்பாக்கியை உடைக்கக்கூடியது, சுடுபவரின் கையையும் பதம் பார்க்கக்கூடியது. என்320 அதைவிடப் பருமனானது என்பதால் கூட்டில் உயர்ந்து நிற்கும், அளவு தவறினால் கண்ணுக்குத் தெரியும். அதன் விலை அதிகம்தான். ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் தயங்காமல் சொல்வது அதைத்தான். எந்த மருந்தானாலும், குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியில் எட்டிப் பாருங்கள். மருந்தே விழாத கூடும் அப்போது அகப்பட்டுவிடும்; அது தப்பினால் குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளும், அடுத்த தோட்டா அதன்மேல் போய் மோதும்.

அடுத்து, மருந்தைக் கூட்டுக்குள் அளந்து கொட்டும் அளவி சீராகக் கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து முறை கொட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தராசில் நிறுத்துப் பாருங்கள். உருண்டையும் நுண்ணிய உருளையுமான துகள்கள் சீராக இறங்கும். யூனிக் போன்ற பெரிய செதில்கள் அளவியில் அங்கங்கே தடைபட்டு, ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவும் விழும். டைட்குரூப் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும், ஆனால் சூடாக எரிவதால் பூச்சிட்ட ஈயக் குண்டுகளோடு புகை அதிகம். உள்ளரங்கில் சுடுபவருக்கு அது இலக்கையே மறைக்கும்.

மருந்தின் அளவை உற்பத்தியாளரின் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுங்கள். அதில் தொடக்க அளவாகக் கொடுத்திருப்பதில் ஆரம்பித்து, வேகமானியைப் பார்த்துச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். 9 மி.மீ. தோட்டாவின் அழுத்த வரம்பு 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). குண்டைச் சற்றே ஆழமாக அழுத்தி வைத்தாலும் அழுத்தம் எகிறும் என்பதால், அட்டவணை சொல்லும் மொத்த நீளத்தையும் அப்படியே பின்பற்ற வேண்டும்.

முதலில் 1 பவுண்டு டப்பா வாங்கிச் சோதியுங்கள்; அதில் 7,000 கிரெய்ன் இருப்பதால் தாராளமாகப் போதும். மனதுக்குப் பிடித்த பிறகு 8 பவுண்டு டப்பா வாங்கினால், அதன் உற்பத்தித் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, வேகமானியில் மறுபடியும் பத்துத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்துவிட்டே போட்டிக்குக் கெட்டிக்கத் தொடங்குங்கள்.