லக்சரில் ஒரு நாள்: தனி கைடு வைத்துக் கோயிலும் கல்லறையும் பார்க்க

எகிப்து போக வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிற பெற்றோர். பேரனைப் பார்க்கப் போகிற சாக்கில் அப்படியே எகிப்தையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று கணக்கு. நான் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். பழனி, குருவாயூர், ராமேஸ்வரம் என்று வேன் விடுவதுதான் தொழில். ஊர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு வெளிநாடும் சேர்ந்துகொண்டது. பிரமிடு இருப்பது கெய்ரோ பக்கம். பெரிய கோயில்களும் வண்ணம் அழியாத கல்லறைகளும் வேண்டுமென்றால், கெய்ரோவிலிருந்து விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம் தெற்கே லக்சருக்குப் போக வேண்டும். அங்கே ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் என்ன செய்வது என்று இங்கே சொல்கிறேன்.

தனி கைடுக்குச் செலவு அதிகம். ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள். கதை கேட்பதற்காக அல்ல, கதை யூடியூபிலேயே கிடைக்கும். எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போவது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்யும் உரிமை நம் கைக்கு வருகிறது, அதற்குத்தான் காசு. பஸ்ஸில் கும்பலாகப் போனால் ஐம்பது பேர் இறங்கும் வரை காத்திருந்து, ஐம்பது பேரோடு கல்லறைக்குள் நுழைந்து, முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கைடு பிடிக்கும்போது முதலில் அரசு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். முறையான கைடுகள் அடையாள அட்டை வைத்திருப்பார்கள். பேசி முடித்ததை வாட்ஸப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்: சொன்ன தொகையில் கார் சேர்ந்ததா, நுழைவுச் சீட்டு சேர்ந்ததா, மதியச் சாப்பாடு யார் செலவு, நாள் முழுக்க அதே கைடு வருவாரா. கடைசியாக, இதைத் தனி வரியாகவே எழுதச் சொல்லுங்கள்: "கடைகளுக்குக் கூட்டிப்போக வேண்டாம்." எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு சிப்ஸ் கடையில் கமிஷன் உண்டு என்பது எனக்குத் தெரியாதா என்ன? அங்கே அலபாஸ்டர் கல் பட்டறை, பாப்பிரஸ் (பழைய எகிப்தியர் எழுதிய நாணல் தாள்) கடை. டீ கொடுத்து உட்காரவைத்தால் ஒரு மணி நேரம் போச்சு. பாப்பிரஸ் என்று சொல்லி வாழை இலையில் அச்சடித்ததை விற்பதும் நடக்கிறது. வாழைத் தோட்டத்து ஊரிலிருந்து போய் அதை வாங்கி வரணுமா?

தமிழ் பேசும் கைடை எதிர்பார்க்காதீர்கள். ஆங்கிலம்தான். மெதுவாகப் பேசச் சொன்னால் பேசுவார்கள். குடும்பத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அவ்வப்போது எடுத்துச் சொன்னால் போதும்.

போகிற மாதம் அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை. மே, ஜூனில் வெயில் நாற்பது டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பாலக்காட்டு வெயில் பழக்கம்தானே என்று சொல்கிறவர்கள் உண்டு. அங்கே கல்லறை மலையில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது, சுண்ணாம்புப் பாறை வேறு வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும்.

லக்சரில் ஊரும் பெரிய கோயில்களும் நைலின் கிழக்குக் கரையில், கல்லறைகள் மேற்குக் கரையில். கார் பாலம் ஊருக்குத் தெற்கே தள்ளி இருப்பதால் சுற்றிக்கொண்டு போக நேரமாகும். அதனால் முந்தின இரவு மேற்குக் கரையிலேயே தங்கிவிடுங்கள். கிழக்கில் தங்கினால் படகில் ஆற்றைக் கடந்து, அந்தப் பக்கம் காரை நிற்கச் சொல்லுங்கள்.

காலை ஆறு மணிக்கு அரசர்களின் பள்ளத்தாக்கு திறக்கும்போது வாசலில் நில்லுங்கள். ஓட்டல் காலை உணவு வேண்டாம், பெட்டியில் கட்டித் தரச் சொன்னால் தருவார்கள். பஸ்கள் வந்து சேருவதற்கு முன்பு கிடைக்கிற அந்த நேரம்தான் முழு நாளிலும் விலை உயர்ந்தது. கவுன்டரில் பெரும்பாலும் ரொக்கம் வாங்குவதில்லை, வெளிநாட்டில் வேலை செய்யும் வங்கி அட்டை கையில் இருக்கட்டும். உள்ளே கொஞ்ச தூரம் பேட்டரி வண்டி உண்டு.

இந்தப் பள்ளத்தாக்கில் அறுபதுக்கு மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. திறந்திருப்பது சில மட்டும், அதுவும் முறை வைத்து மாறும். பொதுச் சீட்டில் மூன்று பார்க்கலாம். துட்டன்காமுன், முதலாம் சேத்தி, ஆறாம் ராம்செஸ் மூன்றுக்கும் தனித்தனிச் சீட்டு. அன்றைக்கு எவை திறந்திருக்கின்றன என்று கைடை முந்தின நாளே கேட்டு, குடும்பத்தில் யாருக்கு முட்டி எப்படி என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நான்காம் ராம்செஸ் கல்லறை நேராக, அகலமாக, ஏறக்குறையச் சமதளமாக இருக்கும். என்னோடு வந்த மீனாட்சிபுரத்து டீச்சரம்மா கைத்தடியோடு கடைசி அறை வரை போய்த் திரும்பினார். மெர்னெப்தா கல்லறை நல்ல சரிவு, இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் தெரியும். மூன்றாம் துத்மோசுடையது பாறை இடுக்கில் உயரத்தில் இருக்கிறது. படி ஏறி, அப்புறம் உள்ளே படி இறங்கினால், அடக்க அறைச் சுவரெல்லாம் குச்சி உருவங்களாக வரைந்திருக்கும். காலில் வலு இருப்பவர்களுக்கு அது.

தனிச் சீட்டுகளில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஆறாம் ராம்செஸ் என்பேன். எல்லோரும் துட்டன்காமுன் என்பார்கள், பெயர் அப்படி. ஆனால் அது சின்னக் கல்லறை, அடக்க அறையில் மட்டும்தான் ஓவியம். அவனுடைய மம்மி அங்கேயே இருக்கிறது, தங்க முகமூடி கெய்ரோவுக்குப் போய்விட்டது. ஆறாம் ராம்செஸின் அடக்க அறையில் நின்று அண்ணாந்து பாருங்கள். கூரை நீளத்துக்கு வானத்தேவி நூத் இரண்டு உருவமாக, முதுகோடு முதுகாக நீண்டு கிடக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்குகிறாள், இரவெல்லாம் அது அவள் உடம்புக்குள் பயணம் போகிறது, காலையில் பிறக்கிறது. கருநீலப் பின்னணியில் மஞ்சள் உருவங்கள் வரிசையாகப் போகும். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய பெயின்ட் என்று யாராவது சொன்னால்தான் நம்புவோம். கழுத்து வலிக்கும், சுவரில் சாய்ந்துவிடாதீர்கள்.

துட்டன்காமுன் தப்பித்ததும் இந்தக் கல்லறையால்தான். பிற்காலத்தில் இங்கே வேலை செய்தவர்களின் குடிசைகள் அவன் வாசலுக்கு மேலேயே எழும்பி, வாசல் மண்ணுக்குள் போயிற்று. திருடர்கள் கண்ணில் படாமல் கிடந்ததை 1922 நவம்பரில் ஆங்கிலேயத் தொல்லியல் ஆய்வாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்தார்.

சுவர்களில் பழைய கிரேக்க எழுத்துக் கிறுக்கல்களையும் காட்டச் சொல்லுங்கள். ரோமர் காலத்திலேயே இது சுற்றுலாத்தலம், வந்தவர்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதே காலத்தில்தான் நம் கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் செங்கடலுக்கு வந்தன. அந்தச் சரக்கு பாலைவனம் தாண்டி, லக்சருக்கு வடக்கே உள்ள கோப்டோஸ் ஊரில் வைத்து நைல் படகில் ஏறியது. ஹெர்மபோல்லோன் என்ற கப்பலின் முசிறிச் சரக்குக் கணக்கு பாப்பிரசில் எழுதியது இன்றும் வியன்னாவில் இருக்கிறது. செங்கடல் கரையின் பெரெனிகே துறைமுகத்தில் ஏழரைக் கிலோ மிளகு ஒரு இந்தியச் சாடியில் அப்படியே கிடைத்தது. அதற்கும் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இறந்த இரண்டாம் ராம்செஸின் மம்மியில் மூக்குக்குள் மிளகு வைத்திருந்தார்கள். இதைச் சொன்னால் கைடு உங்களை மதிப்பார், விளக்கமும் கொஞ்சம் கூடுதலாக வரும்.

ஒரு முக்கிய விஷயம்: கல்லறைக்குள் கைடு கூடவே வந்து விளக்கம் சொல்லும் வழக்கம் இங்கே இல்லை, அனுமதிப்பதில்லை. வெளியில் நிழலில் உட்கார்ந்து படங்களைக் காட்டி, எந்தச் சுவரில் எதைப் பார்ப்பது என்று சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் மட்டும் போங்கள். உள்ளே காவலர் ஒருவர் அட்டைத் துண்டு கொடுத்து விசிறிக்கொள்ளச் சொல்வார், டார்ச் அடித்து மூலையில் எதையோ காட்டுவார். எல்லாம் பக்ஷீஷுக்கு. வேண்டாமென்றால் தலையசைத்துவிட்டு நகருங்கள். வாங்கிக்கொண்டால் சில்லறை கொடுத்துவிடுங்கள். போனில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது.

அடுத்து, அதே மேற்குக் கரையில், அரசி ஹட்ஷெப்சுட்டின் கோயில், ஒன்பது மணிக்குள். கோயில் கிழக்குப் பார்த்தது, பின்னால் செங்குத்து மலை, நேரம் ஆக ஆகச் சூளைதான். மூன்று தளமாக ஏறும் கோயில். நடுத்தளத்தில் இடப்பக்கம் தெற்கே இருந்த பூந்த் என்ற பழைய நாட்டுக்குக் கப்பல் போன கதை செதுக்கியிருக்கிறது. சாம்பிராணி மரங்களை வேரோடு கூடையில் வைத்துத் தூக்கி வருகிறார்கள். பல இடங்களில் அரசியின் உருவம் மட்டும் கொத்தி அழிக்கப்பட்டிருக்கும், அவளுக்குப் பின் வந்த மூன்றாம் துத்மோஸ் காலத்து வேலை. இதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், மேல்தளத்தில் அதிக நேரம் வேண்டாம்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கைடுகள் "முடிந்தது, ஊருக்குப் போகலாம்" என்பார்கள். விடாதீர்கள். டெய்ர் எல்-மெதீனா என்று சொல்லுங்கள். அரசர் கல்லறைகளை வெட்டி, வரைந்த தொழிலாளிகளின் ஊர் அது. சீட்டு அங்கே கிடைக்காது, மெம்னன் சிலைகள் என்கிற, உட்கார்ந்த நிலையிலுள்ள இரண்டு பெரிய சிலைகளைத் தாண்டி வரும் டிக்கெட் ஆபீசில் வாங்க வேண்டும். கூட்டம் குறைவு. அங்கே சென்னெஜெம் என்ற தொழிலாளியின் சின்னக் கல்லறை இருக்கிறது, 1886 இல் கண்டுபிடித்தது. குனிந்து, செங்குத்துப் படியில் இறங்க வேண்டும். நான்கு பேர் நின்றால் நிறைந்துவிடும் அறை. கிழக்குச் சுவரில் மறுமையில் அவனும் மனைவியும் விவசாயம் பார்க்கிறார்கள்: அவன் இரண்டு மாடு பூட்டி உழ, பின்னால் அவள் விதைக்கிறாள். பக்கத்திலேயே கதிர் அறுப்பு. கீழ்வரிசையில் பேரீச்சையும் தூம் பனையும் காய்த்துத் தொங்குகின்றன. எங்கள் சித்தூர் தாலுகாவில் ஏர் பிடித்த கை யாருக்காவது இருந்தால், கலப்பையை எந்தக் கையில் பிடித்திருக்கிறான், சாட்டையை எந்தக் கையில் வைத்திருக்கிறான் என்றுதான் முதலில் பார்ப்பார். எங்கள் பெரியப்பா அப்படித்தான் பார்த்தார்.

உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தமும் இந்த ஊர்க்காரர்களுடையதுதான். மூன்றாம் ராம்செஸின் 29 ஆவது ஆட்சியாண்டில் கூலி தானியம் வராமல், கருவிகளை வைத்துவிட்டுப் போய்க் கோயில் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ராஜா கட்டிய மெதீனத் ஹாபு கோயில் அருகிலேயே இருக்கிறது, களைப்பு இல்லையென்றால் அதையும் சேருங்கள். எழுத்துகளை அத்தனை ஆழமாக வெட்டியிருப்பார்கள், முஷ்டியே உள்ளே போகும். போரில் வெட்டிய கைகளைக் குவித்துக் கணக்கர்கள் எண்ணுகிற சிற்பத்தைக் கைடு காட்டுவார். மெம்னன் சிலைகளுக்குக் காரை நிறுத்தி ஐந்து நிமிடம் போதும்.

சாப்பாடு ஒரு மணிக்கு. சைவர்களுக்குக் கஷ்டமில்லை. அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, பொரித்த வெங்காயம் போட்ட கோஷாரி எங்கும் கிடைக்கும். அவரை வகைப் பயறில் செய்த தாமியா நம் பருப்பு வடைக்குச் சித்தப்பா முறை. மொலோக்கியா என்று கீரைக் கூட்டு மாதிரி ஒன்று வரும், அது பல இடங்களில் கோழிச் சாற்றில் வெந்தது, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அப்புறம் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுங்கள். கைடு கூச்சப்படாமல் சம்மதிப்பார், அவருக்கும் ஓய்வுதானே.

மூன்று மணிக்குக் கிழக்குக் கரையில் கர்னாக் கோயில். குளிர்காலத்தில் மாலை மூடும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கோபுரம், பிரகாரம், மண்டபம், கருவறை என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கோயிலின் போக்கு சட்டென்று பிடிபடும். உள்ளே போகப் போகத் தரை உயர்ந்து, கூரை தாழ்ந்து, வெளிச்சம் குறைகிறது. பெரிய மண்டபத்தில் 134 தூண்கள். நடுவில் உள்ள 12 தூண்கள் சுமார் 21 மீட்டர் உயரம். கட்டியது முதலாம் சேத்தியும் அவன் மகன் இரண்டாம் ராம்செஸும். அப்பன் செதுக்கியது புடைப்பாக, நுணுக்கமாக இருக்கும். மகன் காலத்துச் சிற்பங்களில் பெரும்பாலும் கல்லுக்குள் பள்ளமாக வெட்டிய வேலை. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டச் சொல்லுங்கள், ஒருமுறை வித்தியாசம் தெரிந்துவிட்டால் பிறகு நீங்களே சொல்வீர்கள். ஹட்ஷெப்சுட்டின் ஒற்றைக்கல் ஸ்தூபி (ஓபிலிஸ்க் என்கிற கூர்முனைத் தூண்) 29 மீட்டருக்கு மேல், அஸ்வான் கிரானைட்.

கர்னாக்கிலிருந்து லக்சர் கோயில் வரை ஸ்பிங்ஸ் (சிங்க உடம்புச் சிலை) வரிசை போட்ட பாதை, 2.7 கிலோமீட்டர், 2021 இல் திறந்தது. கால் ஒத்துழைத்தால் நடக்கலாம், இல்லையென்றால் கார். லக்சர் கோயிலுக்கு இருட்டுகிற நேரத்தில் போங்கள், விளக்குப் போடுவார்கள், சிற்பங்கள் அப்போதுதான் எடுத்துக் காட்டும். வாசலில் ஒற்றை ஸ்தூபி நிற்கும், ஜோடி பாரிசில் இருக்கிறது. கோயிலுக்குள்ளேயே மேலே அபூ ஹகாக் பள்ளிவாசல், இன்னும் தொழுகை நடக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பக்கம் நெரிசல்.

கைடுக்கும் டிரைவருக்கும் டிப்ஸைத் தனித்தனியாக, அவரவர் கையில் கொடுங்கள். கைடிடம் மொத்தமாகக் கொடுத்து டிரைவருக்கும் பிரித்துக் கொடுக்கச் சொல்லாதீர்கள். காலையிலேயே ஓட்டலில் சில்லறை நோட்டு மாற்றி வைத்துக்கொண்டால் கழிப்பறைக்கும் படகுக்கும் ஆகும். பேசிய தொகையை நாள் முடிந்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே சொல்லியிருந்தால், கடைப் பக்கம் கார் திரும்பும் வேலையும் இருக்காது.