சாமி இல்லாத 131 கோயில்கள்: புதிதாக நிரல் எழுத வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறைதான் எங்கள் அலுவலகம். ஆண்டுதோறும் கோடையில் இரண்டு மூன்று மாணவர்கள் பயிற்சிக்கு வருவார்கள். வேலூர் வெயிலில் காட்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். இருந்தாலும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும், நான் அந்த வயதில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வாரம் ஒரு தம்பி பெருமையோடு திரையைக் காட்டினான்.

"அண்ணா, பேக்கப் தினமும் ஓடுகிறது. பாருங்கள், தேதிவாரியாகக் கோப்புகள்."

"ஒன்றையாவது திறந்து பார்த்தாயா?"

"எதற்கு அண்ணா?"

அந்த 'எதற்கு' என்ற கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. அரைப்புள்ளியை மறப்பது, அடைப்புக்குறியை மூடாமல் விடுவது போன்றவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவற்றுக்குக் கம்பைலரே தலையில் குட்டிவிடும். குட்டு விழாத தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பிழைச் செய்தியைப் படிக்காமல் தேடுபொறியில் ஒட்டுவது

படியுங்கள். முழுவதையும்.

கிட்டைக் கண்டு அஞ்சுவது

'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதியது' என்று கோப்புறைகளை அடுக்கி வைத்திருக்கும் பிள்ளைகளைக் கேட்டால், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் ஏதாவது அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்பார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதிய அந்தக் கருவியில், ஒருமுறை கமிட் செய்ததை, அதாவது பதிந்து வைத்ததை, தொலைப்பதற்குத் தனித் திறமை வேண்டும். கிளையைத் தவறுதலாக அழித்தாலும், ரீசெட் செய்து பழைய இடத்துக்குப் போய்விட்டாலும், ரெஃப்லாக் என்ற குறிப்பேட்டில் தடயம் இருக்கும். கிளைகளிலிருந்து அறுந்துபோன கமிட்டுக்கு முப்பது நாள், மற்றவற்றுக்குத் தொண்ணூறு நாள் என்பது அதன் இயல்பான கெடு.

கமிட் செய்யாத வேலைக்கு மட்டும் இந்தக் காவல் கிடையாது. அது நீர்மேல் எழுத்து. 'ரீசெட் ஹார்ட்' கொடுத்த அடுத்த நொடி போய்விடும். ஆகவே சாப்பிடப் போகும்முன் ஒரு கமிட், டீ குடிக்கப் போகும்முன் ஒரு கமிட் செய்யுங்கள். அசிங்கமாக இருந்தால் பிறகு ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடவுச்சொல்லைக் கமிட் செய்துவிட்டு அடுத்த கமிட்டில் அழிப்பது

அழியாது. வரலாற்றில் அப்படியே இருக்கும். அதன் பிறகு அந்தக் கோப்பின் பெயரை கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ள வேண்டாத கோப்புகளின் பட்டியலில்) எழுதினாலும் பயனில்லை. ஏற்கெனவே கண்காணிப்பில் உள்ள கோப்பை அது கண்டுகொள்வதில்லை. முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வரலாற்றைப் பிறகு துடைக்கலாம். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். துடைக்கும் வேலையில் அரை நாளைப் போக்கிவிட்டு, பழைய கடவுச்சொல்லையே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வேர் இல்லாத அப்டேட்

வேர் இல்லாத மரம் தான் மட்டும் சாயும். எந்த வரிசையை மாற்ற வேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனை இல்லாத அப்டேட் அட்டவணை முழுவதையும் சாய்க்கும். அதே நிபந்தனையோடு முதலில் செலக்ட் ஓட்டி, எத்தனை வரிசை வருகிறது என்று எண்ணுங்கள்.

திறந்தே பார்க்காத பேக்கப்

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. கோபம் என்மீதுதான்.

2014-ஆம் ஆண்டு. ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். வருகைப் பதிவு, பீஸ் ரேட் கூலி, முன்பணம், போனஸ் எல்லாவற்றுக்கும் நான் எழுதிய மென்பொருள்தான். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் அலுவலக மூலையில் இருந்த ஒரே கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, தரவு முழுவதையும் டம்ப் எடுத்து (ஒரே கோப்பாக வெளியே எழுதி), ஜிஸிப் என்ற நிரலால் சுருக்கி, தேதியைப் பெயராக வைத்துத் தனி வட்டு ஒன்றில் சேமிக்கும். முதலாளியிடம் ஒருநாள் அந்தக் கோப்புறையைத் திறந்து காட்டினேன். அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. இரண்டு பேரும் பார்த்தது கோப்புகளின் பெயர்களை மட்டும்.

தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது கணினியின் வட்டு செத்தது. போனஸ் பட்டியல் தயாராகும் வாரம். பேக்கப்தான் இருக்கிறதே என்று நான் நிதானமாகவே பஸ் ஏறினேன். வழியில் இறங்கி பிரியாணி கூடச் சாப்பிட்டேன்.

கடைசிக் கோப்பைத் திறந்தேன். காலி. முந்தைய நாளுடையதும் காலி. பிறகுதான் அளவுப் பத்தியைப் பார்த்தேன்: 20 பைட், 20 பைட், 20 பைட். ஜூன் முதல் வாரத்திலிருந்து 131 கோப்புகள், எல்லாம் ஒரே அளவு.

நடந்தது இதுதான். ஜூன் மாதத்தில் பாதுகாப்புக்காக என்று தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தேன். மென்பொருளில் மாற்றினேன், பேக்கப் ஸ்கிரிப்டில் மாற்ற மறந்தேன். அன்றிலிருந்து டம்ப் நிரல் ஒவ்வோர் இரவும் 'அனுமதி இல்லை' என்று சொல்லிவிட்டு வெளியேறியது. ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்கு அனுப்பும் குழாயின் (pipe) மறுமுனையில் இருந்த ஜிஸிப்புக்கோ ஒன்றும் வந்து சேரவில்லை. அது கவலைப்படவில்லை. ஒன்றுமில்லாததையும் முறைப்படி சுருக்கியது: தலைப்புக்கு 10 பைட், காலியான உள்ளடக்கத்துக்கு 2 பைட், வாலுக்கு 8 பைட். ஆக 20. கட்டளைகளை ஓட்டும் ஷெல்லில் குழாய் போட்டு இணைத்த கட்டளைகளுக்கு, கடைசிக் கட்டளையின் முடிவுதான் மொத்தத்தின் முடிவு. ஜிஸிப் வெற்றி என்றது, ஆகவே ஸ்கிரிப்டும் வெற்றி என்றது. டம்ப் நிரலின் புலம்பலை கிரான் ஒழுங்காக மின்னஞ்சலாக்கி, அந்தக் கணினிக்குள்ளேயே இருந்த அஞ்சல்பெட்டியில் போட்டிருக்கிறது. அப்படி ஒரு பெட்டி இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-இல் தான் மூலவர் திரும்பி வந்தார். அதுவரை லிங்கம் இந்தச் சத்துவாச்சாரியில் இருந்தது. நானும் இரவுக்கு ஒன்றாக 131 கோயில் கட்டியிருந்தேன். கோபுரத்தில் தேதி பளிச்சென்று இருந்தது, ஒன்றிலும் சாமி இல்லை.

காப்பாற்றியது மேஸ்திரியின் நோட்டு. யார் எத்தனை ஜோடி தைத்தார்கள் என்று பென்சிலில் எழுதி வைப்பது அவருடைய பழக்கம். 'கம்ப்யூட்டர் வந்த பிறகு இது எதற்கு' என்று நானே அவரைக் கேலி செய்திருக்கிறேன். நான்கரை மாதக் கணக்கை அந்த நோட்டிலிருந்தும் கூலி ரசீதுகளின் அடிக்கட்டைகளிலிருந்தும் மூன்று பேர் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம். எட்டு நாளில் முடியவில்லை. போனஸ் உத்தேசமாகக் கொடுக்கப்பட்டு, பிறகு நேர் செய்யப்பட்டது. அந்த ஆண்டுக்கான என் கட்டணத்தை நான் கேட்கவில்லை. அவர்களும் கொடுக்கவில்லை.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்தார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியபோதுதான் நிறுத்தினார். பேக்கப்பைத் தேடினால் அங்கே ஒன்றும் இல்லை. பழைய பதிப்பு டம்ப் நிரல், புதிய பதிப்புத் தரவுத்தளத்தோடு ஒத்துப்போகாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல் தற்செயலாக இருந்ததால் தப்பித்தார்கள். இதையெல்லாம் மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது நான் செய்வது: ஸ்கிரிப்டை பாஷ் என்ற ஷெல்லில் எழுதி, முதல் வரிகளிலேயே பைப்ஃபெயில் என்ற அமைப்பைப் போட்டுவிடுகிறேன். குழாயில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மொத்தமும் தோல்வி என்று அது சொல்லும். டம்ப் கோப்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று ஸ்கிரிப்டே பார்க்கிறது. நேற்றையதைவிட இன்றைய கோப்பு பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தால் என் கைபேசிக்குச் செய்தி வருகிறது. இவை எல்லாம் துணைக்குத்தான். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில், காலித் தரவுத்தளத்தில், பேக்கப்பிலிருந்து முழுவதையும் மீட்டு, தொழிலாளர் எண்ணிக்கையையும் கடைசி நாள் கூலித் தொகையையும் கையால் ஒப்பிடுகிறேன். அதைச் செய்யாத வரையில் நான் அதை பேக்கப் என்று சொல்வதில்லை, கோப்பு என்றுதான் சொல்கிறேன்.

அந்தத் தம்பியைச் சனிக்கிழமை அப்படி மீட்கச் சொன்னேன். அட்டவணைகள் எல்லாம் வந்தன, எண்ணிக்கையும் சரியாக இருந்தது. தரவுத்தளத்துக்குள்ளேயே வைத்திருந்த, போனஸ் கணக்கிடும் நிரலான ஸ்டோர்ட் புரொசீஜரை மட்டும் காணோம். தனியாகக் கேட்டால்தான் டம்ப் நிரல் அவற்றை எடுக்கும், தரவு மாறும்போது தானாக ஓடும் டிரிக்கர்களை மட்டும் கேட்காமலே எடுத்துவிடும். அவன் முகம் சுருங்கியது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. என்னைப்போல் தீபாவளி வாரத்தில் கண்டுபிடிக்காமல், மே மாதச் சனிக்கிழமையில் கண்டுபிடித்துவிட்டான்.

கிரான் வரியில் சதவீதக் குறி

அதைப் புது வரி என்று கிரான் எடுத்துக்கொள்ளும். முன்னால் பின்சாய்வுக் கோடு போடுங்கள்.

சர்வரின் கடிகாரத்தை நம்புவது

சர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடும், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். தேதியை மட்டும் வெட்டி எடுத்தால், நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை நடந்ததெல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழும். இரவு ஷிஃப்ட் உள்ள ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளுக்கு எழுதும்போது இது கூலித் தகராறாகவே வந்து நிற்கும்.

தமிழ் எழுத்தைக் கண்ணால் எண்ணுவது

பெயருக்குப் பத்து இடம் போதும் என்று ஒரு பயிற்சியாளர் முடிவு செய்தார். 'வே. முருகன்' கண்ணுக்குப் புள்ளி, இடைவெளி உட்பட ஏழு. யூனிகோடில் கொம்பு, கால், உகரக் குறி, மெய்ப்புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறியீடு, ஆகவே பதினொன்று. பத்தில் வெட்டியதும் கடைசிப் புள்ளி விழுந்து 'வே. முருகன' ஆகிவிட்டது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் என்பதால், பைட்டை எண்ணி வெட்டினால் இதைவிட மோசம்: நடுவில் அறுந்து கட்டமும் கேள்விக்குறியுமாக நிற்கும்.

தேடலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'கொ' என்பதை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் வேறு என்று வரும். சேமிக்கும் முன்பே என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

புள்ளி விழுந்த அந்த ரசீதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தொழிலாளி சொல்லிவிட்டார். இது தன் பெயர் இல்லை என்றார். புதிய ரசீது அச்சாகி வரும்வரை வாசலிலேயே நின்றிருந்தார்.