விலை குறைந்த வெப்கேம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலை குறைந்த வெப்கேம் வாங்குவதில் தவறில்லை. எந்த வேலைக்கு என்று முடிவு செய்யாமல் வாங்குவதுதான் முதல் தவறு. கணினியின் யுஎஸ்பி துளையில் செருகும் வெப்கேம், எதிரே அமர்ந்து பேசுபவரின் முகத்தைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அதையே வீட்டுக் காவலுக்கு வைத்தால், கணினியும் இரவு முழுவதும் ஓட வேண்டும். விளக்கை அணைத்ததும் படமும் இருண்டுவிடும். இவ்வகை வெப்கேம்களில் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால், தனியாக அகச்சிவப்பு விளக்கு பொருத்தினாலும் பெரிய பயன் இராது. கண்காணிப்புக்கு, கணினியின் துணையின்றி வைஃபையில் இணைந்து மெமரி கார்டில் பதிவு செய்யும் சிறு கேமராவே ஏற்றது.

காணொளி உரையாடலுக்கு வாங்குபவர்கள், பெட்டியில் அச்சிட்டிருக்கும் மெகாபிக்சல் எண்ணை நம்பி ஏமாறுகிறார்கள். பல மலிவான கேமராக்களில் அந்த எண், சென்சார் பிடித்த சிறிய படத்தை மென்பொருள் பெரிதாக்கிக் காட்டும் அளவே. யுஎஸ்பி 2.0 இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட்; நொடிக்கு 30 சட்டகங்கள் (ஃப்ரேம்கள்) கொண்ட 1080பி, அதாவது முழு எச்டி, படத்தைச் சுருக்காமல் அனுப்ப அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகம் தேவை. எனவே கேமராவே படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. மலிவான சிப் அதைச் செய்யும்போது முகத்தின் நுணுக்கங்கள் கலங்கிப் போகின்றன. ஆனாலும் படம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கேமரா அல்ல, வெளிச்சம். ஜன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் கருத்துவிடும். மங்கிய அறையில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் கூடுதல் நேரம் ஒளி தேவைப்படுவதால் அசைவுகள் இழுபட்டுத் தெரியும். ஜன்னலைப் பார்த்து அமர்வதும், இரவில் மேசை விளக்கை எதிரே உள்ள சுவரை நோக்கித் திருப்பி வைப்பதும் புதிய கேமரா வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

கண்காணிப்புக் கேமராவில் நேரும் தவறுகளில் மிகவும் ஆபத்தானது, தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை அப்படியே விட்டுவைப்பது. 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், அவ்வாறு விடப்பட்ட 60க்கும் மேற்பட்ட பயனர்பெயர்–கடவுச்சொல் இணைகளை வரிசையாக முயன்றே ஏராளமான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில், ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பலருக்குத் திறக்கவே இல்லை. அக்கருவிகளின் உரிமையாளர்களில் பலர் எதையும் அறிந்திருக்க மாட்டார்கள் என்பதே எனக்குப் பெரிய கவலை. கேமராவை இணைத்த அன்றே, வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லை அமைத்து, செயலியில் இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லுடன் இன்னொரு அடையாளச் சான்றையும் கேட்பது) இருந்தால் அதையும் இயக்க வேண்டும். ரவுட்டரில், கருவிகள் தாமாகவே வெளி இணையத்துக்கு வழி திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி (UPnP) வசதியை அணைத்துவிட்டு, கேமராவை விருந்தினர் வைஃபையில் தனியே இணைத்தால், அது பிறர் கைக்குப் போனாலும் வீட்டுக் கணினிகளை எளிதில் எட்ட முடியாது. கடவுச்சொல்லை மாற்றவோ மென்பொருளைப் புதுப்பிக்கவோ வழியே இல்லாத கேமராவை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

ஜன்னல் கண்ணாடிக்கு உட்புறம் கேமராவை வைத்து வாசலைக் கண்காணிக்க முயல்பவர்களும் உண்டு. இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதால் வெண்புகைபோல ஒரு படலம்தான் தெரியும். மின்வெட்டின்போது கேமராவுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு ரவுட்டரை மறந்தால், வெளியூரிலிருந்து எதையும் பார்க்க முடியாது. ஓயாமல் அழித்து எழுதுவதைச் சாதாரண மெமரி கார்டு நெடுநாள் தாங்காது. அதற்கென உழைப்புத்திறன் கூட்டிய கார்டுகள் உள்ளன.

படுக்கையறையிலும், வீட்டுப் பணியாளர் உடைமாற்றும் இடத்திலும், அண்டை வீட்டுக்குள் பார்க்கும் கோணத்திலும் கேமரா வைக்கவே கூடாது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதற்குத் இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. கேமராவை விற்கும்போதும் பிறருக்குக் கொடுக்கும்போதும், கார்டை எடுத்துவிட்டு, செயலியில் உள்ள கணக்கிலிருந்து கருவியை நீக்கி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்த பிறகே கைமாற்ற வேண்டும்.