சிரோசிஸ் நோயாளிகளும் உடற்பயிற்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவருக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் இறுகிச் சுருங்கும் நோய், இருப்பது தெரிந்ததும் பல வீடுகளில் அவரை வேலை எதுவும் செய்யவிடாமல் படுக்க வைத்துவிடுகிறார்கள். அக்கறையால் நேரும் இந்தத் தவறே மிக அதிகத் தீங்கு விளைவிக்கிறது. ரத்தத்தில் சேர்ந்து மூளையைப் பாதிக்கும் அம்மோனியாவைக் கல்லீரல் முழுமையாக அகற்ற இயலாதபோது, அதில் ஒரு பங்கைத் தசைகள் குளூட்டமின் என்ற தீங்கற்ற பொருளாக மாற்றிச் சுமையைக் குறைக்கின்றன. படுத்தே இருப்பவருக்குத் தசை கரைகிறது. அதனால் மனக்குழப்பம், நோய்த்தொற்று, கீழே விழுதல் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. வயிற்றில் நீர் கோத்திருந்தால் எடை குறையாமலே இருக்கும் என்பதால், எடை பார்க்கும் கருவியை மட்டும் நம்பியிருக்கும் குடும்பத்தினருக்கு இந்தத் தேய்மானம் கண்ணில் படுவதே இல்லை.

அடுத்த தவறு, வெறும் வயிற்றில் அதிகாலை நடைப்பயிற்சி. மற்றவர்களுக்கு அது பொருந்தலாம். சிரோசிஸ் நோயாளிக்குப் பொருந்தாது. கல்லீரலில் மாவுச்சத்தின் சேமிப்பு மிகக் குறைவாக இருப்பதால், ஓர் இரவு சாப்பிடாமல் இருந்தாலே அவருடைய உடல், ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த நிலைக்குப் போய்த் தசையைக் கரைத்துச் சக்தி தேடத் தொடங்கிவிடுகிறது. அந்த நிலையில் நடப்பது, வளர்க்க நினைத்த தசையையே செலவழிப்பதாகும். ஆகவே இரவு படுக்கைக்கு முன் ஒரு தம்ளர் பாலும் ஒரு பொட்டுக்கடலை உருண்டையும், காலையில் நடக்கப் போகுமுன் இரண்டு இட்லியோ ஒரு முட்டையோ சாப்பிடுவது நல்லது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. நீரின் எடையைக் கழித்து 60 கிலோ உள்ளவருக்கு இது 72 முதல் 90 கிராம். மனக்குழப்பம் வரும் என்று அஞ்சிப் பருப்பையும் முட்டையையும் நிறுத்தும் பழைய வழக்கத்தை இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை.

நடை மட்டும் போதும் என்றிருப்பதும் குறைதான். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும். சுவரோடு ஒட்டிப் போட்ட, சக்கரமில்லாத நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி எழுந்து, பிறகு மெதுவாக அமர வேண்டும். ஐந்து முறை எழுந்து அமர எத்தனை விநாடி ஆகிறது என்பதை மருத்துவர்களும் உடல் தளர்ச்சியை மதிப்பிடும் ஓர் அளவாகக் கொள்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, மூச்சை அடக்கிக்கொண்டு அதிக எடை தூக்குவது ஆபத்தானது. அது வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, நீர் கோத்தவர்களுக்குத் தொப்புள் குடலிறக்கத்தை மோசமாக்கக்கூடும். கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் நாளத்தின் அழுத்தமும் உயரும்; உணவுக்குழாயில் புடைத்த ரத்த நாளங்கள் இருந்தால் அவை உடைந்து ரத்தம் கசியலாம். ஆகவே அத்தகைய நாளங்கள் உள்ளனவா என்பதை எண்டோஸ்கோப்பி முதலிய பரிசோதனைகளால் மருத்துவர் மதிப்பிட்ட பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும். அதே சமயம், முறையான பயிற்சியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை: உடல் பருமன் உள்ள சிரோசிஸ் நோயாளிகளிடம் ஸ்பெயினில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், 16 வாரங்கள் உணவுக் கட்டுப்பாட்டோடு மேற்பார்வையில் மிதமான பயிற்சி செய்தபோது போர்ட்டல் அழுத்தம் குறைந்தது.

போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் புரோப்ரனலால், கார்வெடிலால் மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு எளிதில் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் இலக்கை எட்ட முயன்று உடலை வருத்துவதை விட, பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவில் நடப்பதே பாதுகாப்பானது. வியர்த்துவிட்டதே என்று உப்புப் போட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் வயிற்றில் நீர் மேலும் சேரும். தசை வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைத் தாமாக வாங்கிப் போடுவது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம் என்பதால், இந்தத் தவறை மட்டும் ஒருமுறைகூடச் செய்யக் கூடாது. கடும் பயிற்சிக்குப் பின், கல்லீரல் பரிசோதனையில் பார்க்கப்படும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற நொதிகளின் அளவுகள் தசையிலிருந்தே சில நாள் உயர்ந்து காணப்படும். ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் அத்தகைய பயிற்சியைத் தவிர்த்தால் வீண் பதற்றம் இராது.

ரத்த வாந்தி, கறுப்பு மலம், காய்ச்சல், புதிதாகத் தோன்றும் தடுமாற்றம் அல்லது பகல் தூக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மீண்டும் எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.