எமர்ஜென்சி வார்டில் நேரம் எங்கே போகிறது: எக்ஸெலில் கண்டுபிடிக்கும் முறை

கூட்டம் தாங்கவில்லை என்றதும் கூடுதல் டாக்டர், கூடுதல் கட்டில் என்றுதான் கேட்கத் தோன்றும். அதற்கு முன் 4 வாரப் பதிவேட்டை எக்ஸெலில் ஏற்றிப் பாருங்கள்.

நோயாளி ஒருவருக்கு ஒரு வரி. ஐந்து நேரங்கள் வேண்டும்: வந்தது, ட்ரையேஜ் (யாருக்கு அவசரம் அதிகம் என்று தரம் பிரிப்பது) முடிந்தது, டாக்டர் பார்த்தது, அட்மிஷனா டிஸ்சார்ஜா என்று முடிவானது, கட்டிலைவிட்டுப் போனது. கூடவே சிவப்பு (மிக அவசரம்), மஞ்சள், பச்சை (அவசரம் குறைவு) என ட்ரையேஜ் நிறம். பெயரும் போன் நம்பரும் வேண்டாம்.

தேதியும் நேரமும் ஒரே கட்டத்தில் இருக்கட்டும். இரவு 11.50க்கு வந்தவரை 12.20க்கு டாக்டர் பார்த்தால், வெறும் நேரத்தைக் கழிக்கும்போது மைனஸில் போய் நிற்கும். எக்ஸெலுக்கு ஒரு நாள் என்பது 1. தேதியோடு கழித்து 1440ஆல் பெருக்கினால் 30 நிமிடம் என்று சரியாக வரும்.

கம்ப்யூட்டர் அமெரிக்கத் தேதி முறையில் இருந்தால் 05/03 என்பது மே 3 ஆகிவிடும். 13/03 தேதியாகவே ஏறாமல், எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அதை மட்டும் திருத்தாதீர்கள். சத்தமில்லாமல் தப்பாக ஏறியவை பக்கத்திலேயே இருக்கும். பைலை முழுதாக மறுபடி ஏற்றுங்கள்.

அதன் பிறகும் மைனஸ் வந்தால் அந்த வரியை அழிக்கவே கூடாது. சிவப்பு நோயாளியை நேரே உள்ளே கொண்டுபோய்ச் சிகிச்சை தொடங்கிய பிறகுதான் பதிவு போடுவார்கள். அழித்தால், உயிருக்குப் போராடியவர்களே கணக்கிலிருந்து காணாமல் போவார்கள். 108இல் வந்தவர் என்றால் ஆம்புலன்ஸ் பதிவைப் பார்த்து வந்த நேரத்தை நிரப்புங்கள். நிமிடங்கள் 00இலும் 30இலும் குவிந்திருந்தால், யாரோ நினைவிலிருந்து எழுதியிருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு 10 நிமிடத்தில் ஈசிஜி எடுத்தார்களா என்பதை அந்தப் பதிவு சொல்லாது.

சராசரி ஏமாற்றும். ஒன்பது பேர் 20 நிமிடமும் ஒருவர் 300 நிமிடமும் காத்திருந்தால் சராசரி 48. ஆனால் 48 நிமிடம் காத்திருந்தவர் ஒருவருமில்லை. நடு மதிப்பையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 90ஆம் பெர்சென்டைலையும் (பத்தில் ஒன்பது பேர் இதற்குள் அடங்குவார்கள்) நிறவாரியாகப் போடுங்கள். பிவட் டேபிளில் (எக்ஸெலே எண்ணித் தொகுத்துத் தரும் அட்டவணை) வந்த மணியை வரிசையிலும் கிழமையை நெடுவரிசையிலும் வைத்து, எண்ணிக்கையை 4ஆல் வகுத்து, டூட்டி ரோஸ்டரோடு ஒப்பிடுங்கள்.

முடிவானதற்கும் கட்டிலைவிட்டுப் போனதற்கும் நடுவே உள்ள கடைசி இடைவெளியில்தான் அதிகம் நின்று பார்க்க வேண்டும். அட்மிஷன் முடிவாகியும் மேலே வார்டில் கட்டில் காலியாகாததால் நோயாளி இங்கேயே கிடப்பார். மணிக்கு 6 பேர் வந்து சராசரியாக 3 மணி நேரம் தங்கினால், எந்நேரமும் சராசரியாக 18 பேர் உள்ளே இருப்பார்கள். அதையே 2 மணி நேரமாக்கினால் 12 பேர்தான். (இந்தப் பெருக்கலுக்கு மட்டும் சராசரியே சரி.) இடைவெளி இங்கே நீளமாக இருந்தால், வாசலில் இன்னொரு டாக்டரை நிறுத்துவதைவிட வார்டு டிஸ்சார்ஜைக் காலையிலேயே முடிப்பதுதான் பலன் தரும்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அடுத்த 4 வாரத்தை இதே முறையில் அளந்து பாருங்கள். டாக்டரைப் பார்க்காமலே திரும்பிப் போனவர்கள், 72 மணி நேரத்துக்குள் மறுபடி வந்தவர்கள் என்ற இரண்டு எண்ணிக்கைகளையும் பக்கத்திலேயே வையுங்கள். நேரம் குறைந்து இவை ஏறினால், அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறுங்கள்.