தரையும் தொடாமல் சுவரும் தொடாமல் ஒரு கருவி அலமாரி

கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் உளி துருப்பிடிக்க மழை வேண்டியதில்லை. கடல்காற்றோடு வரும் உப்பு இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாக உட்காருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே பகலிலும் அந்த அளவு சாதாரணம். போதாக்குறைக்கு, தரையிலிருந்து ஏறும் கரையான், சுவரிலிருந்து ஊறும் ஓதம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்துபோன பிறகு தென்பெண்ணை கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்கு வெள்ளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்.

அதனால் வீட்டுப் பட்டறைக்கு அலமாரி செய்யும்போது அழகு, அறை எண்ணிக்கை எல்லாம் பின்னால். தரையைத் தொடக் கூடாது, சுவரோடு ஒட்டக் கூடாது, கதவு இறுக மூட வேண்டும். கீழே சொல்வது 900 மி.மீ. உயரம், 750 மி.மீ. அகலத்தில் சுவரில் தொங்கும் இரட்டைக் கதவு அலமாரி. இழைப்புளி, உளி, ரம்பம், மூலைமட்டம் என்று ஒருவர் கைக்கருவி முழுக்க இதில் அடங்கும்.

பலகை

மரநாரையும் மரத்தூளையும் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் இந்த ஊருக்கு ஆகாது. ஓரத்தில் ஈரம் பட்டால் ஊதி, திருகின் பிடி விட்டுவிடும். பிளைவுட் வாங்கும்போது கடைக்காரர் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று சொல்வதை விட்டுவிட்டுப் பலகையில் இருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் படியுங்கள். ஐ.எஸ். 303-இல் இரண்டு தரம்: ‘கமர்ஷியல்’ என்று விற்கும் எம்.ஆர். (ஈரம் தாங்குவது), அதற்கு மேல் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குவது). இரண்டாவதுதான் நமக்கு. ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட் இன்னும் நல்லது, விலையும் கூட. கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் அந்தச் செலவு வீணில்லை.

18 மி.மீ. கனத்தில் 8×4 அடி ஷீட் ஒன்று, முதுகுப் பலகைக்கு 12 மி.மீ. கனத்தில் 4×3 அடி ஒன்று போதும்.

வெட்டு

8×4 ஷீட்டை மர மில்லில் நீளவாக்கில் ஐந்து பட்டையாக அறுக்கச் சொல்லுங்கள்: 373, 230, 230, 165, 165 மி.மீ. அறுப்புக் கழிவு வெட்டுக்கு 3 மி.மீ. போக, ஓரத்தில் சுமார் 40 மி.மீ. பட்டை மிஞ்சும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், வேலை இருக்கிறது. பிறகு குறுக்கே:

373 பட்டையில்: கதவு 2, ஒவ்வொன்றும் 896 நீளம்
முதல் 230 பட்டையில்: பக்கப் பலகை 2, 900 நீளம்
இரண்டாவது 230 பட்டையில்: மேல், அடிப் பலகை, 714 நீளம்
முதல் 165 பட்டையில்: தட்டு 2, 712 நீளம்
இரண்டாவது 165 பட்டையில்: அலமாரியைச் சுவரில் மாட்டும் தொங்கல் பட்டைக்கு 750 நீளத்தில் 1
12 மி.மீ. பலகையில்: முதுகு 900 × 750

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஆசாரிமார் கணக்கு அங்குலமும் நூலும் (எட்டு நூல் ஓர் அங்குலம்). ஆறு நூல் என்றால் 19 மி.மீ. பலகையோ 18 என்று போட்டு விற்பது, சமயத்தில் அதற்கும் அரை மி.மீ. குறைவு. பலகை உண்மையில் 19 இருந்து 714-க்கே வெட்டினால் கூடு 752 ஆகிவிடும். முதுகு ஓரத்தில் எட்டாது, கதவு நடுவில் இளிக்கும். எனவே வெர்னியர் வைத்துக் கனத்தை அளந்துகொண்டு, 750-இலிருந்து இரண்டு கனத்தைக் கழித்து வருவதையே மேல், அடிப் பலகையின் நீளமாக எடுங்கள். தட்டு அதைவிட 2 மி.மீ. குறைவு. மில்லில் கொடுக்கும் சீட்டில் மி.மீ. மட்டும் எழுதுங்கள்.

கூடு

மேல், அடிப் பலகைகள் பக்கப் பலகைகளுக்கு நடுவே வரும். ஒரு மூட்டுக்கு மூன்று திருகு, 50 மி.மீ. நீளம், 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண கறுப்புத் திருகு இரண்டு மழைக்காலத்தில் பலகைக்குள்ளேயே அரித்துப்போகும். பிளைவுட்டின் ஓரத்தில் திருகு இறக்கும்முன் 3 மி.மீ. துளை கட்டாயம். துளையில்லாமல் முறுக்கினால் அடுக்குகள் பிளந்துவிடும். அப்புறம் பசை வைத்தும் பயனில்லை. பசை தண்ணீர் தாங்கும் மரைன் வகையாக இருக்கட்டும்.

பசை காயும்முன் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். 900-க்கு 750 கூட்டில் இரண்டுமே 1171, 1172 மி.மீ. வர வேண்டும். ஒன்று கூடினால் நீளமான விட்டத்தின் முனைகளை கிளாம்ப் போட்டு மெல்ல நெருக்குங்கள். சதுரம் வந்ததும் முதுகுப் பலகையைப் பசையும் 38 மி.மீ. திருகுமாக, 150 மி.மீ.க்கு ஒன்று வீதம் பூட்டிவிட்டால் பிறகு கூடு கோணாது. மழைநாளில் ஓர் இரவு முழுக்க கிளாம்பிலேயே விடுங்கள்.

தட்டுகளுக்குப் பக்கவாட்டில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து அதன்மேல் உட்கார வைத்தால் போதும். தட்டு முதுகோடு ஒட்டி இருக்கட்டும்; முன்னால் 65 மி.மீ. காலியாக இருக்கும். அந்த இடம் கதவில் தொங்கும் கருவிகளுக்கு.

கதவு

கருவி சுமக்கும் கதவுக்கு அலமாரிக் கதவில் உள்ளே மறைந்திருக்கும் ஆட்டோ கீலைவிட, கதவின் நீளம் முழுக்க ஓடும் பியானோ கீல் மேல். 1¼ அங்குல அகலத்தில் ஆறடி ஸ்டெயின்லெஸ் கீல் ஒன்று வாங்கி, இரண்டு துண்டாக்கி 890 மி.மீ.க்கு வெட்டுங்கள். பக்கப் பலகையின் முன் ஓரத்தில் ஒரு இதழ், கதவின் உள்முகத்தில் மற்றது. கீல் மடங்கும் கனத்தால் கதவுக்கும் கூட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி விழும். அதைக் குறையென்று நினைத்து ஓரத்தைச் செதுக்க வேண்டாம். மேல், அடி ஓரங்களிலும் கதவுகள் சந்திக்கும் இடத்திலும் ஸ்பாஞ்ச் ரப்பர் டேப் ஒட்டுங்கள். கதவு மூடும்போது டேப் அமுங்கி உப்புக்காற்றையும் மரத்தூளையும் தடுக்கும்.

உளிகளுக்கு இடது கதவு. இரண்டு 20 மி.மீ. ரீப்பருக்கு நடுவே 8 மி.மீ. கனத் துண்டுகளை வைத்துப் பூட்டினால் உளி இறங்கும் பள்ளங்கள் கிடைக்கும். பள்ளத்தின் அகலம் உளி அகலத்தைவிட 3 மி.மீ. கூட. ரீப்பருக்குப் பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் பலாமரம் அருமையாக இழைக்க வரும். இந்தத் தாங்கியின் கனம் 48 மி.மீ. ஆகும், முன்னால் விட்ட 65-இல் தாராளமாக அடங்கும். ஆனால் அதைக் கதவின் கீல் ஓரத்திலிருந்து 70 மி.மீ. தள்ளித் தொடங்குங்கள். ஓரத்தோடு நெருக்கி வைத்தால் மூடும்போது தாங்கி பக்கப் பலகையில் இடிக்கும், கதவு முழுக்க மூடாது. உளி முனைகள் நிற்கும் இடத்தில் குறுக்கே ஒரு பட்டை வையுங்கள், விரல் தப்பிக்கும்.

வலது கதவில் ரம்பமும் மூலைமட்டமும். இழைப்புளி கீழ்த்தட்டில். இரும்பு இழைப்புளியின் அடியை மரத்தின் மேல் நேராக வைத்தால் மரத்தில் தங்கும் ஈரம் அங்கே துருக்கோடு போடும். 3 மி.மீ. கனத்தில் இரண்டு பட்டை ஒட்டி, அதன்மேல் வையுங்கள்.

தொங்கவிடுவது

750 நீளத் தொங்கல் துண்டை நீளவாக்கில் நடுவே 45 டிகிரி சரிவாக அறுத்தால் ஜோடிப் பட்டைகள் கிடைக்கும். ஒன்று அலமாரியின் முதுகில், மேல் விளிம்போடு சமமாக, சரிவு கீழே பார்த்தபடி. அதை மேல் பலகை, பக்கப் பலகை ஓரங்கள் வரை எட்டும் 50 மி.மீ. திருகால் பூட்ட வேண்டும்; வெறும் 12 மி.மீ. முதுகை நம்பக் கூடாது. மற்றது சுவரில், சரிவு சுவரை நோக்கி இறங்கும்படி. திருப்பி அடித்தால் அலமாரி வழுக்கிக்கொண்டு கீழே வரும். வெறும் அலமாரியே ஏறக்குறைய 25 கிலோ, கருவிகளோடு அதற்கு இரட்டிப்பு.

அலமாரியின் அடி தரையிலிருந்து மூன்றரை அடி இருக்கட்டும். மேல் விளிம்பு எங்கே வரும் என்று ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, சுவர்ப் பட்டையின் அடிவிளிம்பை அதிலிருந்து 160 மி.மீ. கீழே நிறுத்துங்கள். செங்கல் சுவரில் 8 மி.மீ. பிளக், 75 மி.மீ. திருகு, 150 மி.மீ.க்கு ஒன்று. புதுச்சேரியின் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரை கனமாக இருக்கும், பிளக் காரையிலேயே நின்று ஏமாற்றும். அங்கே 100 மி.மீ. திருகு போட்டு, செங்கல்லின் நடுவில் துளையிடுங்கள். துளையிலிருந்து வெள்ளைத் தூள் மட்டும் வந்தால் சந்தில் இறங்கியிருக்கிறது, இடம் மாற்றுங்கள்.

மிஞ்சிய 40 மி.மீ. பட்டை இப்போது முதுகின் கீழ்ப்புறத்துக்கு. மேலே தொங்கல் பட்டை கொடுக்கும் 18 மி.மீ. இடைவெளியை அது கீழேயும் கொடுக்கும், ஓதம் பலகைக்குத் தாவாது. அலமாரி முழுக்கக் குறுக்கே அடித்தால் காற்று அடைபடும். இரண்டு முனையிலும் ஒரு சாண் துண்டு போதும்.

பூச்சும் பராமரிப்பும்

வெட்டிய ஓரங்கள்தான் தண்ணீர் குடிக்கும் வாய். தொங்கவிடும்முன் ஓரங்களுக்கு இரண்டு கை, மற்ற இடத்துக்கு ஒரு கை பிரைமர், பிறகு இரண்டு கை எனாமல். முதுகின் வெளிப்பக்கத்தையும் விடாதீர்கள். மே, ஜூனில் அடித்துக் கதவைத் திறந்தபடி ஒரு வாரம் காயவைப்பது உத்தமம்.

உள்ளே அரைக் கிலோ சிலிக்கா ஜெல் துணிப்பையில். நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி வேலை செய்யும். கதவில் டேப் ஒட்டாமல் இதை மட்டும் வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. இரும்புக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் நனைத்த துணியால் ஒரு தடவு போதும்.

மாதம் ஒருமுறை டார்ச் அடித்து அந்த 18 மி.மீ. சந்தைப் பாருங்கள். கரையான் வந்தால் சுவரில் மண் கோடாகத்தான் ஏறும், இந்தச் சந்து இருப்பதால் பலகையைத் தொடும்முன் கண்ணில் பட்டுவிடும். கோட்டை மட்டும் சுரண்டிவிட்டுப் போகாமல், அது தரையில் எந்த விரிசலில் தொடங்குகிறது என்று பார்த்து மருந்தை அங்கே ஊற்றுங்கள்.